கதை நகராமல் நின்றபோது நான் செய்தது

மன்னார்குடிப் பக்கம் கல்லூரியில் படித்தபோது, வகுப்புக்காக ஒரு சிறுகதை எழுத வேண்டியிருந்தது. ஏழை விவசாயி, மழை, கண்ணீர் எல்லாம் இருந்தும் கதை நகரவில்லை. அதைப் படித்த ஆசிரியை கேட்டது ஒன்றுதான்: “இந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன வேணும்?”

யோசித்தேன். அவருக்கு வேண்டியது, மழைக்கு முன்னால் நெல் எடை போடப்பட வேண்டும். அவ்வளவுதான். குறுவை நெல் அறுப்பு முடியும் சமயத்தில்தான் ஐப்பசி மழையும் வந்து நிற்கும். அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில வருடம் மத்திய அரசு தளர்த்தும், ஆனால் அந்த உத்தரவு வரும்வரை குவியலோடு காத்துக்கிடக்க வேண்டியதுதான். கதைக்கு இதைவிட என்ன முடிச்சு வேண்டும்?

முதல் பக்க வறுமை வர்ணனையை மொத்தமாக வெட்டினேன். ரோட்டில் பரப்பிய நெல்லை அவர் காலால் அளைந்துகொண்டே போகிறார், ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார், தார்ப்பாயை மடிப்பதா விரிப்பதா என்று வானத்தைப் பார்க்கிறார். கதை அங்கேதான் தொடங்கியது.

உரையாடலையும் மாற்றினேன். “ஐயா, என் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள்” என்று எங்கள் ஊரில் யார் பேசுவார்கள்? “அண்ணே, இன்னொரு வெயில் காட்டி எடுத்துட்டு வாங்க” என்கிறார் கொள்முதல் நிலையத்தில் இருப்பவர். “வெயிலுக்கு நான் எங்கண்ணே போவேன்?” என்கிறார் இவர்.

அப்புறம், நெல் விற்றதா என்று சொல்லாமல் முடித்தேன். வகுப்பில் அதற்குத்தான் பெரிய சண்டை.