தொப்பையைக் குறைக்கும்போது செய்யும் தவறுகள்: அரிசியை விட்டும் இடுப்பு ஏன் இளைப்பதில்லை?

ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிட்டது. காலையில் வெந்நீரில் தேன், சாயங்காலம் அரைமணி நேர நடை. மூன்று மாதம் கழித்தும் பேண்ட் பட்டன் அதே இடத்தில் இறுகுகிறது. இந்த நிலையில் பலர் மனம் விட்டுப்போய்ப் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். இவர்களிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. தட்டில் இருப்பதன் பெயர் மாறியிருக்கிறது, அளவும் சேர்மானமும் பழையபடியே இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எதைக் குறைக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. விரலால் கிள்ளினால் கையில் வருவது தோலுக்கு அடியில் இருப்பது. குடல், கல்லீரல், கணையத்தைச் சுற்றி உள்ளே அடைந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், மாரடைப்பு ஆகியவற்றோடு அதிகத் தொடர்புடையது இந்த இரண்டாவதுதான். இந்தியர்களுக்கு எடை கூடுவதற்கு முன்பே இது சேர்ந்துவிடுகிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரின் படம் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆகவே "என் எடை சரியாகத்தானே இருக்கிறது" என்று தராசை மட்டும் நம்பி இருந்துவிடுவதே முதல் தவறு.

அளவெடுப்பதில் வரும் பிழை

பேண்ட் சைஸை இடுப்பளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொப்பை வளர வளர ஆண்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். அதனால் 34 சைஸே பல வருடம் ஓடும், ஆனால் தொப்புளைச் சுற்றி அளந்தால் 38 அங்குலம் இருக்கும். சேலை, சுடிதார், வேட்டி எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது.

தையல்காரர் டேப் ஒன்று போதும். காலையில் வெறும் வயிற்றில், கழிவறை போய் வந்த பிறகு அளக்க வேண்டும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல்முனையையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே சரியாமல் நேராக இருக்கட்டும், தோலை அழுத்த வேண்டாம். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளவைக் குறியுங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. தினமும் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மாதவிலக்கு வரும் பெண்கள் சுழற்சியின் அதே கட்டத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும், ஏனென்றால் அதற்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தங்கும்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அரிசிக்குப் பதில் சாமை

நம் ஊரில் மிகப் பரவலான தவறு இது. 30 கிராம் கோதுமை மாவில் ஒரு சப்பாத்தி, சுமார் 100 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுட்டால் 145. நான்கு சாப்பிட்டால் 580, குருமாவில் தேங்காயும் எண்ணெயும் தனி. அதே இரவில் 200 கிராம் சோறு சாப்பிட்டிருந்தால் 260 கலோரியோடு முடிந்திருக்கும். மூன்றாவது, நான்காவது சப்பாத்தியை "இது டயட்தானே" என்று எடுத்துக்கொள்வதில்தான் கணக்குத் தவறுகிறது.

சிறுதானியங்களும் அப்படியே. சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாமே 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட அரிசி அளவு கலோரி தருபவை. தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் வெண்பொங்கலைச் சாமையில் செய்து அதே நெய்யும் முந்திரியும் போட்டால் இடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப்பின் உணவுத் தரவுகள் 2025-இல் வெளியாயின. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானியமோ மாற்றுவது மட்டும் சர்க்கரை நோய் ஆபத்தைக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் பொருள், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தால் பலன் தெரிந்தது.

எனவே அரிசியை விரட்ட வேண்டியதில்லை, நிறுக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி இரண்டு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணளவே பழகிவிடும். மதியம் ஒருவருக்கு 60 கிராம் அரிசி போடுங்கள், வெந்தால் சுமார் 170 கிராம், 210 கலோரி. குவித்துப் போட்டுச் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சாப்பிடும் தட்டில் 400 கிராம் சோறு சாதாரணமாகப் போய்விடும், அது 500 கலோரி. அந்தத் தட்டில் காய் இரண்டு கரண்டி, பருப்பு என்பது சாம்பாரில் கரைந்த கொஞ்சம்.

தட்டைத் திருப்பிப் போடுவதுதான் வழி. 150 முதல் 200 கிராம் கீரையோ பொரியலோ, 40 கிராம் பருப்பு போட்ட கெட்டிக் கூட்டு, ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், ஒரு கப் தயிர், கடைசியாகச் சோறு. காயையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றமும் மட்டுப்படும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டு தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும்.

புரதத்தை விட்டுவிட்டு இளைப்பது

பட்டினி கிடந்தும், மூன்று வேளையும் கஞ்சி குடித்தும் எடையைக் குறைக்கலாம். அப்போது கொழுப்போடு தசையும் கரையும். கை, கால் மெலிந்து, முகம் வாடி, தொப்பை மட்டும் நிற்கும். தசை குறைந்தால் உடல் ஓய்வில் செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. இப்படி இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியவர்களுக்கு அதே எடையில் முன்பைவிடப் பெரிய இடுப்பு வந்து நிற்பது இதனால்தான்.

70 கிலோ எடை உள்ளவருக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், நாளைக்கு 70 முதல் 80 கிராம் புரதம் இலக்கு. சைவத்தில் முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு நாள் கணக்கு: பருப்பு 60 கிராம் (13 கிராம் புரதம்), மீல்மேக்கர் 40 கிராம் (20), வேகவைக்காத கொண்டைக்கடலை 50 கிராமில் செய்த சுண்டல் (10), பாலும் தயிருமாக 400 மி.லி. (13), வேர்க்கடலை 30 கிராம் (7), இட்லி, சோறு எல்லாம் சேர்த்துத் தானியம் 200 கிராம் (16). கூட்டினால் 79. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது: இரண்டு முட்டையில் 12, தோல் நீக்கிய கோழி 100 கிராமில் 20-க்கு மேல். காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சாம்பார் என்று மாற்றினாலே பதினோரு மணிப் பசி அடங்குவதைப் பார்க்கலாம்.

கணக்கில் வராமல் போகும் கலோரிகள்

எண்ணெயை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, நல்லெண்ணெய், செக்கு எண்ணெய், ஆலிவ் எல்லாவற்றுக்கும் அதுதான். செக்கில் ஆட்டியதால் கொழுப்பு குறைந்துவிடாது. வேளாவேளைக்கு அளப்பது சிரமம் என்றால் மாதக் கணக்கு பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் வீதம், மாதம் சுமார் மூன்றேகால் லிட்டர். அதற்கு மேல் போனால் எங்கே போகிறது என்று தேட வேண்டும். தோசைக்கல்லும் அப்பளமும்தான் பெரும்பாலும் விடை.

டீ, காபி இன்னொன்று. நாளைக்கு நான்கு கப், கப்புக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் எல்லை 25 கிராம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் கலோரி அதேதான். கடை ஜூஸும் இதில் சேரும். மூன்று சாத்துக்குடியை உரித்துத் தின்றால் வயிறு நிறையும், பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்தால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும்.

மதுவைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 60 மி.லி. பிராந்தியோ விஸ்கியோ ஏறக்குறைய 140 கலோரி. மூன்று முறை ஊற்றினால் 420, சைடு டிஷ் அதற்கு மேல். மதுவை எரிக்கும் வேலையில் உடல் இறங்கும்போது கொழுப்பை எரிப்பது பின்தள்ளப்படுகிறது. வாரம் ஐந்து நாள் தினம் 400 கலோரி குறைத்து மிச்சம் பிடித்த 2,000 கலோரி, சனி இரவும் ஞாயிறு பிரியாணியும் சேர்ந்தால் தீர்ந்துபோகும்.

வயிற்றுக்கு மட்டும் உடற்பயிற்சி

எந்த இடத்துத் தசையை அசைக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது நடக்காத காரியம். கொழுப்புச் செல்களிலிருந்து வெளிவரும் கொழுப்பு ரத்தத்தில் கலந்துதான் தசைக்குப் போகிறது, எங்கிருந்து எடுப்பது என்பதை ஹார்மோன்களும் மரபும் முடிவு செய்கின்றன. 2011-இல் வெளியான ஒரு சோதனையில் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகள் செய்யவைத்தார்கள். வயிற்றுத் தசையின் தாங்கும் திறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. வியர்வை பெல்ட்டில் குறைவது நீர், ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

நடை அவசியம், ஆனால் அதில் செலவாகும் கலோரியை மிகையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 70 கிலோ ஆள் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 180 கலோரி அளவு. திரும்பி வரும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் அதைச் சமன் செய்துவிடும். வாரம் 150 நிமிடம் நடையோடு, இரண்டு அல்லது மூன்று நாள் தசைப் பயிற்சி சேருங்கள். தோப்புக்கரணம் 12 வீதம் மூன்று சுற்று, சுவரிலோ தரையிலோ தண்டால் 10 வீதம் மூன்று சுற்று, பாதித் தண்ணீர் நிரப்பிய கேனைக் குனிந்து தூக்கி வைப்பது மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தோப்புக்கரணத்துக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம்.

தூக்கத்தையும் விடக்கூடாது. 2022-இல் வெளியான அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வில், இரண்டு வாரம் இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிடப்பட்டவர்கள் தினமும் சுமார் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்களின் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 11 சதவீதம் கூடியது. எடை பார்க்கும் தராசு அதைப் பெரிதாகக் காட்டவில்லை.

கொள்ளு, தேன், எலுமிச்சை

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு கொள்ளு ரசம் குடிப்பவர்கள் பலர். கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைத்துவிட்டுப் பயறை ஒதுக்கினால் பயன் போய்விடும். சுண்டலாக, துவையலாக, பருப்புக்குப் பதிலாகச் சோற்றின் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். வெந்நீரில் எலுமிச்சை குடிப்பதில் தவறில்லை, அது கொழுப்பைக் கரைக்காது. அதில் ஒரு டேபிள்ஸ்பூன் தேன் விட்டால் 60 கலோரி சேர்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு நாளில், எப்போது டாக்டரிடம்

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறையும்போது அதோடு கட்டுண்ட நீர் வெளியேறுகிறது. இரண்டாவது வாரம் தராசு நின்றுவிடும், அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். வாரம் அரை கிலோ நல்ல வேகம். ஒரு கிலோ குறைந்தால் இடுப்பில் சுமார் ஒரு செ.மீ. குறையும். உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும்.

சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிய பிறகே சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வயிறு நடுவில் கூம்பு போல் புடைத்தால், தசைகள் நடுவில் விலகியிருக்கலாம். துணி கட்டுவது அதைச் சேர்க்காது, சிட்-அப் புடைப்பைக் கூட்டும். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி வயிற்று உள்தசைப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். பால் கொடுக்கும் மாதங்களில் பட்டினி கூடவே கூடாது. கை கால் மெலிந்துகொண்டே வர வயிறு மட்டும் சில வாரங்களில் பெருத்தால், படுக்கும்போது வயிறு பக்கவாட்டில் சரிந்து கனத்தால், கால் வீங்கினால், அடிவயிற்றில் கட்டி போல் கைக்குத் தட்டுப்பட்டால், அது டயட்டுக்கு உரிய தொப்பை அல்ல. கல்லீரல் கோளாறில் தேங்கும் நீர், கர்ப்பப்பை நார்க்கட்டி, சூலகக் கட்டி எல்லாம் இப்படித்தான் தெரியும். ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.