நிழல் போன பாத்திக்கு வெயில் தாங்கும் செடிகள்: தேர்வு செய்வது எப்படி?

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, தூங்குமூஞ்சி, குல்மொஹர் என்று பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல வீடுகளில் தோட்டத்துக்கு இருந்த ஒரே நிழலும் அன்றே போனது. புயல்தான் வர வேண்டும் என்றில்லை. பக்கத்து மனைக்காரர் மரத்தை வெட்டினாலும் இதே கதைதான். மரத்தடியில் சுகமாக வளர்ந்த கனகாம்பரம், பெரணி, வண்ணச் சேம்பு எல்லாம் சில நாட்களில் கருக ஆரம்பிக்கும்.

அந்தப் பாத்தியைப் பழைய நிலைக்குத் திருப்ப முயல வேண்டாம். அது இப்போது வேறு இடம். அந்த இடத்து வெயிலைப் புரிந்துகொண்டு, ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும் செடிகளை வைத்தால், முன்பைவிட அதிகமாகப் பூக்கும். சென்னையையும் அதைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதியையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

1. இருக்கும் செடிகளைக் காப்பாற்றுங்கள்

நர்சரிக்குப் போகும் முன் செய்ய வேண்டிய அவசர வேலை இது. நான்கு கம்பு நட்டு, பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலையைப் பாத்திக்கு மேலே கட்டுங்கள். கனகாம்பரத்தையும் பெரணியையும் மாலை நேரத்தில் வேர்மண்ணோடு எடுத்துத் தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. ஆனாலும் உடனே வெட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் தளிருக்கு அதுதான் குடை. புதுத் துளிர் வந்த பிறகு நீக்கலாம்.

2. வெயிலை அளந்து பாருங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், செடி வாங்கும் ஆசை அப்படி. ஆனால் இங்கேதான் பாதி வெற்றி இருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி, 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி, 4 மணி என்று ஐந்து முறை பாத்தியைப் பாருங்கள். வெயில் எதுவரை விழுகிறதோ அங்கே கல் வைத்து அடையாளம் செய்யுங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் அது முழு வெயில் இடம். மூன்று முதல் ஆறு என்றால் அரை வெயில்.

ஒரே நாள் கணக்கை நம்பிவிடக் கூடாது. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. 20 அடி உயர வீடு டிசம்பர் நண்பகலில் வடக்குப் பக்கம் ஏறக்குறைய 15 அடி நீளத்துக்கு நிழல் போடும். அதே வீடு ஜூன் மாதத்தில் தெற்குப் பக்கம் நான்கு அடிகூட நிழல் தராது. வடக்குப் பக்கமோ அப்போது காலை, மதியம், மாலை மூன்று வேளையும் காயும். டிசம்பரில் பார்த்துவிட்டு "இங்கே நிழல்தான்" என்று முடிவு செய்தால் மே மாதம் செடி தீய்ந்துவிடும்.

வடக்குப் பாத்திக்கு, ஆறு மாத வெயிலையும் ஆறு மாத நிழலையும் பொறுக்கும் செடி வேண்டும். நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் அதற்கு ஏற்றவை. தெற்கிலும் கிழக்கிலும் தேர்வு தாராளம். மேற்குதான் கடுமையானது. பிற்பகல் வெயிலோடு, சூடான மதில் சுவர் இரவிலும் அனலை வெளியே விடும். அங்கே அரளி, காகிதப்பூ, ஆவாரை தவிர வேறெதையும் முதல் வருடம் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

3. மண்ணைத் தயார் செய்யுங்கள்

மரம் நின்ற இடத்தில் வேர்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். கைக்கு வருவதை எடுங்கள். எல்லாவற்றையும் தோண்டி எடுக்கத் தேவையில்லை, ஆனால் அடிக்கட்டையில் கரையான் வருகிறதா என்று கவனியுங்கள். மரத்தூளையும் சிராய்களையும் மண்ணோடு கலக்காதீர்கள். அவை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மண்ணின் மேலே மூடாக்காகப் போட்டால் பிரச்சினை இல்லை.

அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால் பாத்தியை அரை அடியாவது உயர்த்த வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இது அவசியம். வெயில் செடிகளில் பெரும்பாலானவை ஐப்பசி மழையில் வேர் அழுகித்தான் சாகின்றன. திருவான்மியூர் போன்ற மணல் பகுதியில் சிக்கல் தலைகீழ், தண்ணீரும் சத்தும் நிற்காது. எந்த மண்ணானாலும் மக்கிய தொழுவுரம் உதவும். நம் பாத்திக்கு இரண்டு அங்குல உயரம் பரப்ப ஏறக்குறைய ஏழு கன அடி வேண்டியிருக்கும்.

4. செடியைத் தேர்ந்தெடுங்கள்

நர்சரியில் பூவைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். கத்திரி வெயிலில், யாரும் கவனிக்காமல், சாலை நடுவிலும் கோயில் மதிலோரத்திலும் பூத்து நிற்கும் செடிகள் எவை? அந்தப் பட்டியலை எந்த நிபுணரின் பட்டியலைவிடவும் நான் நம்புகிறேன்.

பின்வரிசைக்கு உயரமானவை. அரளி வெயிலையும் வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும். ஆனால் இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். சிறு குழந்தையோ ஆடு மாடோ உள்ள வீட்டில் வேண்டாம். மஞ்சள் அரளியின் விதை இன்னும் ஆபத்து. அதற்குப் பதில் நாட்டுச் செம்பருத்தி வைக்கலாம். ஒற்றை அடுக்குச் சிவப்பு வகை, பெரிய பூ விடும் கலப்பினங்களைவிட உறுதியானது. மாவுப்பூச்சி வரும், வந்ததும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். காகிதப்பூவுக்கு இடமும் கவாத்தும் (கிளைகளை அளவாக வெட்டிவிடுவது) வேண்டும். முள் உண்டு. தண்ணீரும் உரமும் அதிகமானால் இலையாகவே வளரும், கொஞ்சம் காயவிட்டால்தான் நிறம் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூளையோடும் வேப்பிலையோடும் தேடி அலைகிறோமே, அதே செடிதான். நர்சரிகளில் அபூர்வம், விதையிலிருந்து எளிதாக வரும். விதைத்தோல் கடினம் என்பதால் லேசாக உரசிவிட்டு ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். வேரூன்றிவிட்டால் தண்ணீர் கேட்காது, தேங்கினால்தான் பொறுக்காது.

நடுவரிசைக்கு இட்லிப்பூ, நந்தியாவட்டை, குண்டுமல்லி. இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. உப்பும் காரமும் மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சாதாரணம். மழைநீரும் தொழுவுரமும் கொடுத்தாலே பெரும்பாலும் தேறிவிடும். குண்டுமல்லிக்கு நல்ல வெயில் இல்லாவிட்டால் மொட்டு குறையும், அதனால் மரம் போனது அதற்கு லாபம்தான்.

முன்வரிசையில் நித்யகல்யாணி, பத்துமணிப்பூ, ரெயின் லில்லி. நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. அதற்காக வீட்டில் யாரும் அதன் இலையைக் கஷாயம் போட்டுக் குடிக்கக் கூடாது, அது நச்சுச்செடி. தாழ்வாகத் தண்ணீர் நிற்கும் மூலை இருந்தால் அங்கே கல்வாழை.

உன்னிச்செடியைத் தவிருங்கள். வெயில் தாங்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, முதுமலை போன்ற காடுகளில் அது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவர்கள் வீட்டில் நடத் தயங்குவார்கள்.

10க்கு 4 பாத்திக்குப் பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஏழெட்டு போதும். இன்று வெறிச்சென்று தெரியும். முதல் வருட இடைவெளியைத் துலுக்கச் சாமந்தி விதைத்து நிரப்புங்கள், அது ஒரு பருவச் செடி, தானாகப் போய்விடும்.

5. வெயிலுக்குப் பழக்கி நடுங்கள்

நர்சரியில் பல செடிகள் வலைக்கூடாரத்துக்குள் வளர்ந்தவை. அரளியாகவே இருந்தாலும் நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுக்கும். முதல் சில நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்ல காலம். மாலை மழை அவ்வப்போது இருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். சித்திரை, வைகாசியில் நட வேண்டாம். பையைக் கிழித்ததும் வேர் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். தண்டு முன்பு எந்த மட்டம் வரை மண்ணில் இருந்ததோ அதே மட்டம்தான், அதற்குமேல் புதைக்கக் கூடாது. மாலையில் நட்டு, மண்ணை அழுத்தி, நிறையத் தண்ணீர் விடுங்கள்.

6. தண்ணீரும் கவாத்தும்

மழையில்லாத நாட்களில் முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர். அப்புறம் இடைவெளி விட்டு, ஆனால் ஆழமாக. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், மே மாதம் தாங்காது. காய்ந்த இலையையும் தேங்காய் மட்டையையும் மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். நடுப்பகலில் செம்பருத்தி துவண்டால் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்தால் சரி, காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர்க் குறை.

குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, தொழுவுரம் வையுங்கள். கோடையில் பூ கொட்டும். காகிதப்பூவையும் இட்லிப்பூவையும் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நுனி வெட்டினால் பக்கக் கிளை விடும்.

அரளியிலோ நந்தியாவட்டையிலோ முன்புறம் கண் போல இரண்டு நீலப் புள்ளிகளுடன் தடித்த பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது பெரிய அந்துப்பூச்சியாக மாறப் போகிறது. நன்றாக வேரூன்றிய செடி, இலை போனாலும் மறுபடி துளிர்க்கும்.