காட்டுக்கு உரிமை கேட்கும் ஊர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மலையூர்களில் வன உரிமைச் சட்டம் என்று பேச்செடுத்தாலே, "பட்டா எப்போ கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். உழுகிற நிலத்துக்குப் பத்திரம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பல ஊர்கள் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஊர் காலங்காலமாகப் புழங்கிவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. இதற்குச் சமூக வன வள உரிமை என்று பெயர். அந்தக் காடு காப்புக்காட்டுக்குள் இருந்தாலும் சரி, சரணாலயத்துக்குள் இருந்தாலும் சரி, கேட்கலாம்.

தனிநபர் நிலத்துக்கு ஏ படிவம். மேய்ச்சல், தேன், நெல்லி போன்றவற்றுக்கு பி படிவம். காட்டை நிர்வகிக்கும் உரிமைக்கு சி படிவம். சி படிவத்தை விட்டுவிட்டால் நெல்லி பறிக்கலாம், ஆனால் நெல்லிமரம் நிற்கிற காட்டை என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறு யாரோவாக இருப்பார்கள்.

"எங்க ஊர்ல ஏற்கெனவே வனக்குழு இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. கூட்டு வன மேலாண்மை என்பது 1990ஆம் ஆண்டு மத்திய அரசு சுற்றறிக்கையை ஒட்டி வளர்ந்த திட்டம். அதில் வனத்துறை கூப்பிட்டால் ஊர் பங்கேற்கும். இந்தச் சட்டத்தில் உரிமையே ஊருடையது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவின் 10 முதல் 15 பேரை கிராம சபைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கிராம சபையை எங்கே கூட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கூட்டினால், மேலே இருக்கிற நாற்பது வீடுகளின் குரல் கீழே இருக்கிற ஊர்களின் கூட்டத்தில் அமுங்கிப்போகும். குடியிருப்பு அளவில் கூட்டுங்கள். 2012 திருத்த விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வராதவர் பெயரில் கையெழுத்துப் போட்டு நிரப்பாதீர்கள். பின்னால் மனுவைத் தள்ள அந்த ஒரு காரணமே போதும்.

இனி எல்லைக்கு வருவோம். நான் பார்த்ததில் அதிகம் சொதப்புவது இங்கேதான். படித்த இளைஞர் இருவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஓடையை ஒட்டி ஒரு கோடு போட்டு, அரைநாளில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்த ஓர் ஊரில், விறகும் சீமாறு புல்லும் எடுக்கப் போகும் பெண்கள் பார்த்துவிட்டு, "நாங்க போற சரிவு இதுல இல்லையே" என்றார்கள். மறுபடி நடந்தோம். ஒரு பாட்டி ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். சாமி இருக்கிற மரம், மாடு தண்ணி குடிக்கிற மடு, பழைய ஊர் இருந்த மேடு எல்லாம் அப்புறம்தான் வரைபடத்தில் ஏறின. பெரியவர்களின் எழுத்துபூர்வ வாக்குமூலத்தையும் சட்டம் ஆதாரமாக ஏற்கிறது. அதனால் ஆங்கிலேயர் காலத்துக் காகிதம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். அதே சமயம், ஒரே ஆதாரத்தை நம்பியும் கொடுக்காதீர்கள், ஒன்றுக்கு மேல் வேண்டும். பக்கத்து ஊரும் அதே காட்டைப் புழங்கினால் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கோடு போடுங்கள்.

உரிமை கிடைத்த பிறகு வரும் தவறு, 'யாரும் எதையும் தொடக்கூடாது' என்பதையே நிர்வாகம் என்று நினைப்பது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்பது அவர்கள் வைத்த பெயர். அந்தச் சிறு தீ உண்ணிச்செடியையும், நெல்லிமரத்தில் ஒட்டும் புல்லுருவியையும் கட்டுக்குள் வைத்திருந்தது என்பது அவர்கள் அனுபவம். தீ வைக்கத் தடை வந்தபின் உண்ணிச்செடி காட்டையே மூடிக்கொண்டது. 2011ல் அங்கே சமூக உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன, அதுவும் புலிகள் காப்பகத்துக்குள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கும். வேறு ஊரின் திட்டத்தை நகலெடுக்காமல், உங்கள் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

விற்பனையிலும் ஏமாறாதீர்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு பழங்குடியினர் ஊர் 2009ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. ஆனால் மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு கிராம சபையின் கைக்கு வர 2011 ஏப்ரல் ஆனது. நாட்டிலேயே முன்னோடியான ஊருக்கே அத்தனை இழுபறி! 2012 திருத்தத்துக்குப் பின் அந்தச் சீட்டை கிராம சபையின் குழுவே தரலாம். இது தெரியாமல் இன்னமும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்குக் கடுக்காயை அளந்து போடும் ஊர்கள் இருக்கின்றன. விற்ற வரவையும் செலவையும் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் காதிலும் விழும்படி வாசியுங்கள்.

கடைசியாக, மனு தள்ளுபடி என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தீர்மானம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்குழுவிடம் முறையிடலாம்.