வைஃபை சேனல் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைஃபை மெதுவாக இருந்தால் பலரும் முதலில் பார்ப்பது சிக்னல் கோடுகளைத்தான். கோடு முழுசாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் குறை சிக்னலில் இல்லை. காற்றில் முறை கிடைக்கவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸும் 5 கிகாஹெர்ட்ஸும் உரிமம் வாங்காமல் எல்லோரும் புழங்கும் அலைவரிசைகள். அடுக்குமாடியில் உள்ள இருபது ரவுட்டர்களுக்கும் மேலே உட்கார்ந்து முறை சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கிறது. சேனல், அதாவது அலைவரிசைக்குள் தன் ரவுட்டருக்கு ஒதுக்கிய துண்டு, காலி என்றால், பொதுவாக 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை 9 மைக்ரோ நொடித் துண்டுகள் பொறுத்திருந்து அனுப்புகிறது. அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் குலுக்கும் வரம்பு 31, 63 என்று ஏறி 1023 வரை போகலாம். நாம் செய்யும் தவறுகள் எல்லாம் இந்த ஏற்பாட்டைத்தான் கெடுக்கின்றன.

அதிகம் பார்க்கும் தவறு, 'காலி' சேனலைத் தேடிப் போவது. பக்கத்து வீடுகள் எல்லாம் 1, 6, 11-இல் இருக்கின்றன, 3-இல் ஒருவரும் இல்லை, அங்கே போகலாம் என்று தோன்றும். ஆனால் 2.4-இல் சேனல்களின் மையங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஒவ்வொன்றும் அடைப்பதோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் 3-இல் உட்கார்ந்தவர் 1-இலும் 6-இலும் கால் நீட்டியிருக்கிறார். இதைவிட மோசம், கேட்பதில் வரும் சிக்கல். ஒரே சேனலில் இருந்தால், பக்கத்து வீட்டுப் பாக்கெட்டின் (ஒரு தடவைக்கு அனுப்பும் தகவல் துண்டு) தொடக்கத்தை −82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் கூடும்) அளவு மெல்லிய சிக்னலிலும் உங்கள் ரவுட்டர் அடையாளம் கண்டு காத்திருக்கும். சேனல் பாதி மேலே ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வெறும் இரைச்சல். −62 டிபிஎம் அளவுக்குப் பலமாக இருந்தால்தான் ஒதுங்கும். இடைவெளி 20 டெசிபல், அதாவது 100 மடங்கு. அந்த இடைவெளிக்குள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று கால் நீட்டாத 1, 6, 11 மூன்றில் எது ஓய்வாக இருக்கிறதோ அதில் சேர்ந்துகொள்வதே நல்லது. ஓய்வு என்பது பெயர்களின் எண்ணிக்கை இல்லை: ஐந்து சும்மா கிடக்கும் ரவுட்டர்களை விட இரவெல்லாம் டவுன்லோடு ஓடும் ஒன்று அதிக இடத்தைப் பிடிக்கும்.

அடுத்தது சேனலின் அகலம். 2.4-இல் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ், அதில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பது, நெருக்கமான குடியிருப்பில் அடாவடி என்றே சொல்வேன். 20-ஐத் தாண்ட வேண்டாம். 5-இல் இடம் தாராளம். 2018-இல் இந்தியா அங்கே 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது. ஆனாலும் 160 அகலத்துக்கு ஆசைப்பட்டால், ரேடார்களும் பயன்படுத்தும் சேனல்களுக்குள் போக வேண்டிவரும். அங்கே ரவுட்டர் வழக்கமாக ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே பேசும். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்யும். 'அப்பப்போ நெட் போகுது' என்று ஃபைபர்காரரைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) மாதிரியான பழைய, மெதுவான வேகங்களை ரவுட்டரில் அப்படியே விட்டுவைப்பது கண்ணுக்கே தெரியாத தவறு. வைஃபையில் சமமாகக் கிடைப்பது முறைதான், நேரம் இல்லை. குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் என்று வைத்து, ஒருவர் ஊசிவாய்க் குடத்தோடு வந்தால் பின்னால் நிற்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதானே. 1500 பைட் பாக்கெட் 54 எம்பிபிஎஸ்-இல் கால் மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். 1 எம்பிபிஎஸ்-இல் 12 மில்லி நொடி பிடிக்கும். ரவுட்டர் தன் பெயரை அறிவிக்கும் பீக்கனும் வழக்கமாகக் குறைந்த வேகத்தில்தான் போகிறது, நொடிக்குச் சுமார் பத்து முறை. 300 பைட் பீக்கன் என்றால் 1 எம்பிபிஎஸ்-இல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மில்லி நொடி. ஊழியர், விருந்தினர், கேமரா, பிரிண்டர் என்று நான்கு வைஃபை பெயர் வைத்த அலுவலகம், ஒருவர் ஒரு பைட் அனுப்புவதற்கு முன்பே சேனலில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறது. பெயர்களைக் குறையுங்கள். அப்புறம், அமைப்பில் வழி இருந்தால் 1, 2, 5.5, 11 வேகங்களை அணைத்துவிடுங்கள். பழைய ஸ்மார்ட் பிளக், கேமரா ஏதாவது அதில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவரை உச்சத்தில் வைப்பதும் பலன் தராது. ரவுட்டர் உரக்கக் கத்தினாலும் போனின் பதில் அதே மெல்லிய குரலில்தான் திரும்பி வரும். அக்கம்பக்கத்தில் இன்னும் பல வீடுகள் உங்களுக்காக வாயை மூடிக் காத்திருப்பதுதான் மிச்சம். எல்லை விரிந்தால் இன்னொன்றும் நடக்கும்: இரண்டு மூலைகளில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கேட்க முடியாமல், காலி என்று நினைத்து ரவுட்டரிடம் ஒரே நேரத்தில் பேசும்.

ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் அதே சேனலில் இரண்டாவது முறை அனுப்புகிறது, வேகம் பாதியாகும். கேபிள் இழுக்க முடிந்தால் கடைசி அறையில் இரண்டாவது ரவுட்டரையே வைத்து, அதற்கு வேறு சேனல் கொடுங்கள். டிவி, டெஸ்க்டாப் மாதிரி இடம் மாறாதவற்றையும் கேபிளில் மாட்டிவிடலாம். அவை முறைக்கு நிற்கவே வேண்டாம்.