‘வெருட்டினவர்’ என்று மட்டும் எழுதினால் போதாது

யாழ்ப்பாணத்தில் வெருட்டு என்ற சொல் ஓயாமல் புழங்குகிறது. பாயில் காயவிட்ட நெல்லுக்கு இறங்கும் காகத்தை வெருட்டுகிறோம், தோட்டத்துக்குள் நுழைந்த மாட்டை வெருட்டுகிறோம், சோறு தின்ன மறுக்கிற பிள்ளையைப் பேய் வருகுது என்று வெருட்டுகிறோம். கத்தரிப் பாத்திக்கு நடுவில் பழைய சேட்டுப் போட்டு நிற்பது வெருளி. ஒருவர் படலையில் நின்று "காலை முறிப்பன்" என்று சொல்லிப் போனாலும் அதே சொல்தான். அதனால் பொலிசில் போய் "அவர் என்னை வெருட்டினவர்" என்று மட்டும் சொன்னால், கேட்கிறவர் காதில் அது காகம் கலைத்த கதையாகவே விழும்.

சொல் பழையது. குறளின் 57ஆம் அதிகாரத்துக்கு ‘வெருவந்த செய்யாமை’ என்று பெயர். ஆளுகிறவன் குடிகள் வெருவும்படி நடக்கக்கூடாது என்பது அதன் பேச்சு. வெருள் என்றால் தானே பயப்படுவது, வெருட்டு என்றால் மற்றவரைப் பயப்படச் செய்வது. மிரள், மிரட்டு என்பதும் அப்படியே. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அரச கடிதத்திலும் பத்திரிகையிலும் வருகிற அச்சுறுத்தல் என்ற சொல்லில் ஒரு குழி இருக்கிறது. அதற்கு ஆள் தேவையில்லை. டெங்கு அச்சுறுத்தல் என்கிறோம், கடலரிப்பு அச்சுறுத்தல் என்கிறோம். ஆகவே "எனக்கு உயிர் அச்சுறுத்தல் உள்ளது" என்ற வசனம் பெரிதாக ஒலித்தாலும், யார், என்ன செய்தார் என்பது அதில் இல்லை. "இன்னார் என்னை அச்சுறுத்தினார்" என்று எழுவாய் வைத்து எழுதுங்கள்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 483ஆம் பிரிவு குற்றமான அச்சுறுத்தல் எதுவென்று சொல்கிறது. ஒருவரின் உடம்புக்கோ, பெயருக்கோ, சொத்துக்கோ, அல்லது அவர் அக்கறைப்படும் வேறொருவரின் உடம்புக்கோ பெயருக்கோ தீங்கு செய்வேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதன் நோக்கம் அவரைக் கலங்கவைப்பதாகவோ, செய்யக் கடமையில்லாத ஒன்றைச் செய்விப்பதாகவோ, செய்ய உரிமையுள்ள ஒன்றைத் தடுப்பதாகவோ இருக்க வேண்டும். சட்டம் பார்ப்பது சொன்னவரின் நோக்கத்தை. "அவர் வெருட்டினவர், நான் வெருளேல்லை" என்பது தமிழிலும் சரியான வசனம், சட்டத்திலும் முறைப்பாடுதான். "நீர் பயந்தமாதிரித் தெரியேல்லையே" என்று யாரும் கேட்டால் தடுமாற வேண்டாம்.

தண்டனை 486ஆம் பிரிவில் உள்ளது: இரண்டு வருடம் வரை சிறை. கொல்வேன் என்றோ பாரதூரமான காயம் செய்வேன் என்றோ சொல்லியிருந்தால் ஏழு வருடம் வரை. எலும்பு முறிவு பாரதூரமான காயத்துக்குள் அடங்கும். ஆகவே "அடிப்பன்" என்று சொன்னாரா, "முறிப்பன்" என்று சொன்னாரா என்பது சின்ன விசயம் இல்லை. அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும்.

எச்சரிக்கையையும் மிரட்டலையும் குழப்புகிறவர்கள் நிறையப்பேர். "காசு தராட்டி வழக்குப் போடுவன்" என்பது எச்சரிக்கை. வழக்குப் போடுவது அவருடைய உரிமை. "காசு தராட்டி பிள்ளை படிக்கிற பள்ளிக்கூட வாசலில வந்து நிண்டு உன்ர மானத்தை வாங்குவன்" என்பது வேறு. கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் கிழமைக் கடன் வாங்கிய பெண்களுக்கு இது முக்கியம்: கடன் உண்மையாகவே இருந்தாலும் வெருட்ட உரிமை இல்லை. பயத்தில் காசோ பொருளோ கொடுத்துவிட்டால், வெருட்டி வாங்கியது கப்பம் என்ற வேறு குற்றமாகப் பார்க்கப்படலாம். கொடுத்த தொகையையும் கொடுத்த இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நடந்த அன்றிரவே எழுதுங்கள். இரண்டு நாள் போனால் வாய்மொழி மறந்து, கருத்துத்தான் மிஞ்சும். "பக்கத்து வீட்டுக்காரர் கேவலமாகப் பேசி அச்சுறுத்தினார்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. இப்படி இருக்கட்டும்:

"12.03.2025 புதன்கிழமை பின்னேரம் 6.30 அளவில், எங்கள் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, பக்கத்துக் காணிக்காரரான இன்னார் என்னைப் பார்த்து, ‘நாளைக்கு வேலி அடைக்க ஆள் வந்தால் கதியாலோட சேத்து உன்ர காலையும் வெட்டுவன்’ என்றார். அவர் கையில் கத்தி இருந்தது. முன்வீட்டு அம்மா தன் படலையடியில் நின்று கேட்டார். வேலி அடைக்க வரவிருந்த இருவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

கடைசி வசனத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். செய்ய உரிமையுள்ள வேலை ஒன்று நின்றுபோனது என்பதை அதுதான் காட்டுகிறது. தூசணம் இருந்தால் புள்ளி வைத்து மறைக்காமல் அப்படியே எழுதுங்கள், வெட்கம் சொன்னவருக்குரியது. கண்டவர் யார், கேட்டவர் யார் என்று பிரித்து எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் இலக்கத்தில் பாதிதான் தெரிந்தால் பாதியையே போடுங்கள், மீதியை ஊகிக்க வேண்டாம்.

வட்ஸ்அப்பிலோ வைபரிலோ வந்திருந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது ஒரு பிழை வழக்கமாக நடக்கும். நீங்கள் சேமித்த பெயர்தான் மேலே தெரியும், இலக்கம் தெரியாது. அந்தப் பெயரைத் தட்டி, இலக்கம் தெரிகிற பக்கத்தையும் தனியாக எடுங்கள். குரல் பதிவை மற்றவருக்கு அனுப்பியது போதும் என்று அழித்துவிடாதீர்கள், வந்த போனிலேயே இருக்கட்டும். பெயர் மறைத்து வந்த கடிதம் என்றால் உறையையும் வைத்திருங்கள். ஆளை மறைத்து வெருட்டுவதற்கு 487ஆம் பிரிவு மேலதிகமாக இரண்டு வருடம் வரை தண்டனை வைத்திருக்கிறது.

ஆபத்து உடனடியானது என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் 119க்கு அழையுங்கள். மற்றப்படி, எழுதிய தாளோடு பொலிஸ் நிலையம் போங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாயால் சொன்ன முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டித்தான் ஒப்பம் வாங்க வேண்டும். தமிழில் எழுத ஆளில்லை என்றால் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கையிலுள்ள தாள் அப்போது உதவும். விளங்காத மொழியில் எழுதியதற்கு ஒப்பம் வைக்காதீர்கள். வாசிக்கும்போது ‘வாய்த்தர்க்கம்’ என்ற சொல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் இருவரும் சண்டை பிடித்ததாக ஆகிவிடும். அவர் சொன்ன வசனத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பகிடிவதைக்குள் நடக்கும் வெருட்டலுக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. வீட்டுக்குள் கணவரோ உறவினரோ வெருட்டினால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள். அதே ஆள் திரும்ப வெருட்டினால் புது முறைப்பாடு கொடுத்து, பழைய இலக்கத்தை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.