ஜெர்மன் ராணுவ மாவட்ட வரைபடம்: தேதி பார்க்காமல் நம்பினால் வரும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் டிவிஷன் எந்தப் பகுதி ஆட்களைக் கொண்டது என்று தேடிப் போனால், சீக்கிரமே ‘வேர்கிரைஸ்’ என்ற சொல்லில் வந்து நிற்போம். ராணுவ மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, காயம் ஆறியவர்களைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. வரைபடங்களும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பலவற்றில் அது எந்த வருடத்து எல்லை என்று போட்டிருக்காது. முக்கால்வாசிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

1937 வாக்கில் 13 மாவட்டங்கள் இருந்தன. கோனிக்ஸ்பெர்கில் 1, பெர்லினில் 3, மியூனிக்கில் 7, நியூரம்பெர்கில் 13 என்று போகும். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை இணைத்த பிறகு வியன்னாவில் 17, சால்ஸ்பர்கில் 18. 1939-ல் போலந்தைப் பிடித்ததும் டான்சிகில் 20, போசனில் 21. சரி, 14, 15, 16, 19 எங்கே? தேடாதீர்கள், அவற்றுக்கு நிலமே கிடையாது. மாவட்டத்துக்கும் கோருக்கும் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) எண் வரிசை ஒன்றுதான்; 14, 15, 16 ஆகிய எண்கள் மோட்டார், பான்சர் (டாங்கி) வகைப் படைகளைக் கவனித்த கோர்களுக்குப் போய்விட்டன. 19 என்பது 1939-ல் ஜெர்மன் தளபதி குடேரியன் போலந்துக்குள் ஓட்டிச் சென்ற கோர்.

இந்த இடைவெளியைக் கெய்சர் காலத்துப் பட்டியலை வைத்து நிரப்புகிறவர்களும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் 15-வது கோர் ஸ்ட்ராஸ்பர்கிலும், 16-வது மெட்ஸிலும், 17-வது டான்சிகிலும் இருந்தன என்பது உண்மை. ஆனால் ஹிட்லர் காலத்தில் 17 என்றால் வியன்னா, டான்சிக் என்றால் 20. பழைய 5 போசன், புதிய 5 ஷ்டுட்கார்ட். எண் ஒன்றாக இருப்பதால் ஊரும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் கதை அங்கேயே கோணல்.

அடுத்த தவறு, பிடித்த இடமெல்லாம் புது மாவட்டம் ஆனது என்று நினைப்பது. பெரும்பாலும் பக்கத்து மாவட்டத்தின் எல்லையைத்தான் நீட்டினார்கள். 1939 மார்ச்சில் வந்த மேமல் 1-இல் சேர்ந்தது. போலந்திடமிருந்து எடுத்த கட்டோவிட்ஸ் பகுதி 8-க்குப் போனது. பெல்ஜியத்தின் ஓய்ப்பன், மால்மெடி 6-க்கு. 1941-ல் யூகோஸ்லாவியாவிடமிருந்து பறித்த ஸ்லோவேனியப் பகுதிகள் 18-க்கு.

இதில் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து எடுத்த எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1939-ல் அது ஒரே ‘காவ்’, அதாவது ஒரே கட்சி நிர்வாகப் பகுதி, தலைநகர் ரைஷன்பெர்க். ராணுவக் கணக்கிலோ அது மூன்று துண்டு. ஏகர் பக்கம் நியூரம்பெர்கின் 13-க்கு, ரைஷன்பெர்க் டிரெஸ்டனின் 4-க்கு, ட்ரோப்பாவ் பிரெஸ்லாவின் 8-க்கு. தெற்கு ஓரத்து ஸ்னைம் அந்தக் காவிலேயே இல்லை; அது வியன்னாவின் 17. ‘சுடேட்டன் ஜெர்மானியர், ஆகவே 4’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்துவது எளிதில் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது.

காவும் வேர்கிரைஸும் ஒன்றல்ல என்பதை இதிலேயே பார்த்துவிட்டோம். கூடுதல் சிக்கல் ஒன்று: போர் தொடங்கியபோது ‘ராய்ஷ் பாதுகாப்பு ஆணையர்’ பதவிகள் ராணுவ மாவட்டங்களை ஒட்டி அமைந்திருந்தன. 1942 நவம்பரில் அதை மாற்றி ஒவ்வொரு காவுக்கும் ஓர் ஆணையர் என்று ஆக்கினார்கள். ஆகவே 1940 ஆவணத்தில் ஒன்றாகத் தெரியும் எல்லை 1943-ல் பிரிந்து நிற்கும்.

பழைய ஜெர்மன் மண்ணுக்குள்ளேயும் கோடு நகர்ந்தது. எல்பிங் நகரம் போருக்கு முன் கிழக்குப் பிரஷ்யாவில், மாவட்டம் 1-இல் இருந்தது. 1939 இறுதியில் டான்சிகோடு சேர்த்து 20 ஆக்கிவிட்டார்கள். ஊரும் ஆட்களும் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறிப்போனது. 1937 படத்தை வைத்து 1941-ல் எடுத்த ஆளைத் தேடினால் தப்பாகப் போவது இப்படித்தான்.

பிராக் ஒரு தனி ரகம். அதைச் சுற்றிய செக் பகுதியான பொஹீமியா-மொராவியாவுக்குப் போரின் நடுவில் எண் இல்லாமல் பெயரோடு மட்டும் ஒரு மாவட்டம் வந்தது. மாவட்டம் இருக்கிறதே என்று செக்குகளையும் ஜெர்மன் ராணுவத்தில் சேர்த்தார்கள் என்று எழுதக் கூடாது. அங்கிருந்த ஜெர்மானியர்களைத்தான் கட்டாயமாகச் சேர்த்தார்கள்.

கடைசியாக மேற்கு எல்லை. இன்று பிரான்சில் இருக்கும் எல்சாஸும் (ஸ்ட்ராஸ்பர்க் பக்கம்) லோத்ரிங்கனும் (மெட்ஸ் பக்கம்) 1918 வரை எல்சாஸ்-லோத்ரிங்கன் என்று ஒரே பெயரில் ஜெர்மனியிடம் இருந்ததால் இரண்டையும் ஒரே மாவட்டத்தில் போட்டுவிடுகிறோம். உண்மையில் 1940-க்குப் பின் ஸ்ட்ராஸ்பர்க் ஷ்டுட்கார்டின் 5-இலும், மெட்ஸ் வீஸ்பாடனின் 12-இலும் சேர்ந்தன. லக்சம்பர்கும் 12 தான். சேர்ந்த அன்றே ஆளெடுப்பு ஆரம்பித்துவிடவில்லை. மூன்று இடங்களிலும் கட்டாய ராணுவ சேவை அறிவிப்பு 1942 ஆகஸ்டில்தான் வந்தது. லக்சம்பர்கில் மக்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்காக 21 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எல்சாஸ், மோசெல் (மெட்ஸ் இருக்கும் லோத்ரிங்கன் பகுதி) இரண்டிலுமிருந்து சுமார் 1,30,000 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் போனது கிழக்குப் போர்முனைக்கு. சோவியத் கையில் சிக்கிய பலர் தம்போவ் முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிரான்சில் இன்றும் அவர்களுக்குப் பெயர் ‘மல்க்ரே நூ’: எங்கள் விருப்பமில்லாமல்.