முதல் நாள் எண்ணைப் பார்த்து முடிவு சொல்லிவிடாதீர்கள்

ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் குமரி. மழை பிடித்தால் போதும், காய்ச்சலும் இருமலும் மூச்சுமுட்டலுமாகப் பெரியவர்கள் வார்டுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். ஃப்ளூ, கொரோனா, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்று உள்ளே இருக்கும் வைரஸ் மாறலாம். வராந்தாவில் நிற்கும் வீட்டார் கேட்பது மாறாது: “டாக்டர், பாட்டா தேறிருவாரா?”

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட முடியும். அதற்கு வேண்டிய விவரத்தில் ஒரு பாதி பரிசோதனைகளில் இருக்கிறது, மறு பாதி வீட்டாரிடம் இருக்கிறது. அந்த மறு பாதியை ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் கேட்காமலும் அவர்கள் சொல்லாமலும் விட்டுவிடுவதுதான் வார்டில் நான் அதிகம் பார்க்கிற தவறு.

வயதை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவது அதில் முதலாவது. வயது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 78 வயதிலும் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், 62 வயதில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறுமாகக் கட்டிலை விட்டு இறங்காதவரும் ஒரே வைரஸை ஒரே மாதிரி தாங்குவதில்லை. உடலின் தளர்ச்சியை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதைப் போடும்போது, படுக்கையில் இன்று எப்படிக் கிடக்கிறார் என்று பார்க்கக் கூடாது. நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். கடைக்குத் தனியாக நடந்து போவாரா, தானே குளிப்பாரா, மாடிப்படி ஏறினால் எந்தப் படியில் நிற்பார்?

இதெல்லாம் கூடவே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊரில் மகன் வளைகுடாவில் இருப்பார், போனில் டாக்டரிடம் பேசுவதும் அவராகத்தான் இருக்கும். தினமும் கஞ்சி கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள் ஓரமாக நிற்பார், யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள். தயவுசெய்து அவரை முன்னே விடுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அதே மருமகள்தான் இன்னொன்றையும் முதலில் கவனிப்பார்: “நேத்து ராத்திரியிலேருந்து ஆள் மாறிப் பேசுறாங்க.” வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவார் என்று இதைத் தள்ளிவிடுவது ஆபத்தான தவறு. புதிதாக வந்த குழப்பம், மூளைக்கு ஆக்சிஜனோ ரத்த ஓட்டமோ குறைவதன் அடையாளமாக இருக்கலாம். முதியவர்கள் பலருக்குக் காய்ச்சலே வராது. சாப்பாடு வேண்டாம் என்பது, திடீரென்று விழுவது, குழம்பிப் பேசுவது, இவைதான் தொற்றின் முதல் அறிகுறிகளாக இருக்கும். காய்ச்சல் இல்லையே, பயமில்லை என்று நினைத்து வீட்டில் வைத்திருந்து தாமதமாக வருகிறவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

அப்புறம், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்துக்குப் பிறகு அது பல வீடுகளில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் “96 காட்டுது” என்பது அரைச் செய்தி. வெறும் காற்றில் 96-ஆ, நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜனில் 96-ஆ? முதலாமவர் ஓரளவு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். இரண்டாமவர் ஐ.சி.யூ. வாசலில் இருக்கிறார். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகச்சாயம் இருந்தாலும் எண் தப்பும். ஆக, 93-க்கும் 95-க்கும் நடுவே அலைகிற எண்ணை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

அதைவிட எனக்கு நம்பிக்கையானது மூச்சு எண்ணிக்கை. காசு செலவில்லாத, கருவி வேண்டாத அளவு இது. ஆனால் வார்டில் மிகவும் அலட்சியமாக எழுதப்படுவதும் இதுதான். சில நோட்டுகளில் எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்றே இருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிசகு நாலாகிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் கவலைப்பட வேண்டும், 30-ஐத் தொட்டால் உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், அதுவும் நிறையச் சொல்லும்.

இனி மருத்துவப் பக்கத்துத் தவறு. நிமோனியாவுக்கு கர்ப்-65 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், 65-ஐத் தொட்ட வயது, இந்த ஐந்தில் எது மோசமாக இருந்தாலும் தலா ஒரு மதிப்பெண், மதிப்பெண் கூடக் கூட ஆபத்தும் கூடுதல். எளிமையானது, பயனுள்ளது. ஆனால் பொதுவான நிமோனியாவுக்காக உருவானது. 2009 பன்றிக்காய்ச்சலில் கர்ப்பிணிகள், உடல் பருத்த இளவயதினர் எனப் பலர் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஐ.சி.யூ. வரை போனார்கள். ஆக்சிஜன் அளவு அந்த முறையில் சேரவே இல்லை. கொரோனாவுக்கு 2020-இல் பிரிட்டனில் உருவான 4சி மதிப்பெண்ணில் ஆக்சிஜனும், உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் அது தடுப்பூசிக்கு முந்தைய நோயாளிகளிடமிருந்து கற்றது, அங்கேயுள்ள ஆட்களிடமிருந்து கற்றது. அதே எண்ணை இன்று நாகர்கோவிலில் தடுப்பூசி போட்ட ஒருவருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இன்னொன்று. இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் மோசமாவார்கள் என்றுதான் இந்த மதிப்பெண்கள் சொல்லும். உங்கள் பாட்டா அந்த நூறில் எவர் என்று சொல்லாது. “இவர் தேற மாட்டார்” என்று முதல் நாளே முடிவுகட்டி முயற்சியைத் தளர்த்தினால், அந்தக் கணிப்பை நாமே உண்மையாக்கிவிடுவோம். அதனால் மதிப்பெண்ணை ஒரு தடவை போட்டு மூடிவைக்காமல், 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மூச்சு, ஆக்சிஜன் தேவை, நினைவுத் தெளிவு மூன்றையும் திரும்பப் பாருங்கள். நேற்று 4 லிட்டர், இன்று 2 லிட்டர் என்றால் நல்ல திசை. நேற்று 2, இன்று 6 என்றால் மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வராது.

நெஞ்சு சி.டி. ஸ்கேனில் 25-க்கு எத்தனை என்று வருவதையும் ஆர்.டி.பி.சி.ஆர். அறிக்கையில் வரும் சி.டி. எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலாவது நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்கிறது. இரண்டாவது ஆய்வகக் கருவி வைரஸைக் கண்டுபிடிக்க எத்தனை சுற்று ஓடியது என்பது மட்டும்தான். மாதிரி எடுத்த விதத்தைப் பொறுத்தே அது மாறும், அதை வைத்து ஆள் நிலையைக் கணிக்க முடியாது.

நுரையீரலையே பார்த்துக்கொண்டு இதயத்தை மறந்துவிடுவதும் நடக்கிறது. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு கூடுகிறது என்று 2018-இல் கனடாவில் ஒன்டாரியோ ஆய்வு ஒன்று காட்டியது. நெஞ்சு அடைக்கிறது என்றால் “சளிதான்” என்று விடாமல் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி குளிரும் காய்ச்சலுமாக வந்தால், வைரஸின் பின்னால் பாக்டீரியா நிமோனியா நுழைந்திருக்கலாம். கொரோனாவில் இரண்டாம் வாரத் தொடக்கத்தில்தான் பலருக்கு நிலை சரிந்தது, ஆகவே நாலாம் நாள் நன்றாக இருப்பதை வைத்து ஆபத்து தாண்டிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆர்.எஸ்.வி. என்று அறிக்கை வந்தால் “அது குழந்தைகளுக்கு வருவது” என்று ஒதுக்குவது வேண்டாம். இதய நோயோ நாள்பட்ட இரைப்போ உள்ள முதியவரை அது ஃப்ளூவுக்குக் குறையாமல் வாட்டும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கா, திருவனந்தபுரத்துக்கா என்ற பேச்சை ஆள் மூச்சுக்குத் திணறும்போது தொடங்காதீர்கள். ஆக்சிஜன் தேவை கூடத் தொடங்கும்போதே கேளுங்கள். எந்த நிலை வந்தால் மாற்ற வேண்டும், ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வழி முழுவதற்கும் போதுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று படுத்திருக்கும்போது எடுத்த அளவோடு அனுப்பிவிடக் கூடாது. வராந்தாவில் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, ஆக்சிமீட்டரை மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். படுக்கையில் 95 இருப்பவர் நடந்தால் 88-க்கு இறங்குவதுண்டு, அவர் இன்னும் வீட்டுக்குத் தயாராகவில்லை. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறும், அதை எப்போது எங்கே பார்ப்பது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சு எண்ணிக்கை ஏறினாலோ, பேச்சு குழம்பினாலோ, கால் வீங்கினாலோ, மறு தேதிக்காகக் காத்திராமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.